போத்தலுக்குள் முளைக்கும் காட்டு ஆர்க்கிட்: திரும்பிப் போக மலை இருக்குமா?

பாடாங் மேஹா – கொளுத்தும் வெயிலுக்குப் பிறகு திடீரென்று கொட்டும் மாலை மழை கெடா தோட்டப்புறத்துக்குப் புதிதல்ல. அந்த மழை பெய்த ஒன்பதாம் நாள் காலையில், சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்களிலும் வெட்டாமல் விட்டுப்போன பழைய பால்மரங்களிலும் வெள்ளை வெள்ளையாக ஒரு பூ ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பூத்து நிற்கும். மணக்கும். மறுநாள் பார்த்தால் வாடித் தொங்கும். புறா ஆர்க்கிட் என்று இதைச் சொல்வார்கள். மழையால் வெப்பநிலை ஐந்து டிகிரி அளவுக்குச் சட்டென்று இறங்குவதுதான் தூங்கிக்கொண்டிருக்கும் மொட்டுகளை எழுப்பிவிடுகிறது. அதனால்தான் கூலிமில் பூக்கும் அதே நாளில், அதே மழை பெய்த லூனாசிலும் பாடாங் செராயிலும் அது பூக்கிறது.

இந்தப் பூவுக்கு ஆபத்து ஒன்றுமில்லை. நகரத்து மரங்களில்கூட அது பிழைத்துக்கொள்ளும். ஆர்க்கிட் என்றால் எங்கும் கிடைப்பது, பாசார் மாலாமில் பத்து வெள்ளிக்கு வாங்குவது என்ற எண்ணம் பரவலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இதே கெடா மாநிலத்தில், லங்காவித் தீவுகளின் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில், கடல் காற்று படும் உயரத்தில் வளரும் வேறொரு ஆர்க்கிட்டின் கதை அப்படியல்ல. பாஃபியோபெடிலம் நிவியம் என்பது அதன் அறிவியல் பெயர். நிவியம் என்றால் பனிபோல் வெண்மையானது என்று பொருள். இதழ்கள் பால் வெள்ளை, அதன்மேல் ஊதாப் பொடி தூவியதுபோல் சின்னச் சின்னப் புள்ளிகள், நடுவே செருப்பின் முன்பக்கம் போன்ற ஒரு பை. இந்தப் பை காரணமாக இந்தக் குடும்பத்தையே சிலிப்பர் ஆர்க்கிட் என்கிறார்கள். லங்காவியையும் அதை ஒட்டிய தென் தாய்லாந்தையும் தவிர உலகில் பெரிதாக வேறு எங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. காட்டிலிருந்து பிடுங்கி விற்பவர்களால் இது அழியும் நிலைக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

இப்படிப்பட்ட செடிகளைக் காப்பாற்ற உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் செய்துவரும் ஒரு வேலை உண்டு. விதையை எடுத்து, கண்ணாடிப் போத்தலுக்குள் முளைக்க வைத்து, ஆயிரக்கணக்கில் கன்றுகளாக்கி வெளியே கொண்டுவருவது. பொதுவாக இதைத் திசு வளர்ப்பு என்ற ஒரே பெயரால் சொல்லிவிடுகிறார்கள். இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம். முதலில், விதை இருக்கும்போது அதைத் தூவிவிட வேண்டியதுதானே, போத்தல் எதற்கு என்ற கேள்வி எழும்.

ஆர்க்கிட் விதை மாவுத்தூள் போன்றது. ஒரே காய்க்குள் பல்லாயிரம் முதல் சில இலட்சம் வரை விதைகள் இருக்கும். சில வகைகளில் பத்து இலட்சத்தையும் தாண்டும். இவ்வளவு விதையைச் செய்வதற்கு அந்தச் செடி ஒரு சிக்கனம் செய்கிறது. நெல்லுக்குள் அரிசி இருப்பதுபோல, தேங்காய்க்குள் பருப்பு இருப்பதுபோல, முளைக்கும் குருத்துக்குக் கட்டுச்சோறாக எதையும் வைப்பதில்லை. வெறும் கரு, அதைச் சுற்றி ஒரு மெல்லிய தோல். காற்றில் வெகுதூரம் போகலாம், ஆனால் போன இடத்தில் சாப்பிட ஒன்றுமில்லை. அங்கே குறிப்பிட்ட ஒரு பூஞ்சை இருந்து, அது விதைக்குள் புகுந்து உணவு கொடுத்தால் மட்டுமே முளைக்கும். இலட்சம் விதையில் ஒன்றிரண்டு செடியானால் பெரிது.

பூஞ்சைதான் விதையை முளைக்கவைக்கிறது என்பதை 1899-இல் கண்டுசொன்னவர் பிரான்ஸ் நாட்டின் நோயல் பெர்னார்ட். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் பூஞ்சையையும் சேர்த்தே வளர்க்கப் போராடினார்கள். 1922-இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன் வேறு வழி சொன்னார். பூஞ்சை கொடுப்பது சர்க்கரை என்றால், அந்தச் சர்க்கரையை நாமே கொடுத்துவிடலாம், பூஞ்சை தேவையில்லை. சர்க்கரையும் சில உப்புகளும் கலந்த அகாரில் விதையைத் தூவி, வேறு கிருமி எதுவும் புகாமல் மூடி வைத்தார். முளைத்தது. ஆறே ஆண்டுகளில், 1928-இல், சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் எரிக் ஹோல்ட்டம் இந்த முறையைக் கையில் எடுத்தார். இன்று மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து மூன்றிலும் நடக்கும் ஆர்க்கிட் வியாபாரம் அந்தப் போத்தல்களிலிருந்து வந்ததுதான்.

அந்தப் போத்தலுக்குள் போவதைக் கேட்டால் பாதிக்கு மேல் சமையலறைச் சாமான்கள். அகார்-அகார், சர்க்கரை, மசித்த வாழைப்பழம் அல்லது உருளைக்கிழங்கு, இளநீர், கொஞ்சம் கரித்தூள். இவற்றோடு அளந்து போட்ட தாது உப்புகள். இளநீர் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரு சுவையான கதை. 1941-இல் வான் ஓவர்பீக் என்ற அறிவியலாளர், ஊமத்தைச் செடியின் பிஞ்சுக் கருவைத் தனியே வளர்க்க எதைக் கொடுத்தும் முடியாமல், கடைசியில் தேங்காய்த் தண்ணீரைக் கொடுத்து வளர்த்துக் காட்டினார். தேங்காய்க்குள் இருக்கும் கரு வளர்வதற்காக இயற்கை வைத்த தண்ணீர் மற்றச் செடிகளின் கருவுக்கும் ஒத்துப்போகிறது. அன்றிலிருந்து ஆர்க்கிட் கூடங்களில் இளநீர் நிரந்தரச் சரக்கு.

சாமான் எளிது. சுத்தம்தான் கடினம். சர்க்கரையும் வாழைப்பழமும் கலந்த அகார் ஆர்க்கிட்டுக்கு மட்டும் விருந்தல்ல, ஊரிலுள்ள எல்லாப் பூஞ்சைக்கும் விருந்து. ஆர்க்கிட் விதை முளைக்க வாரங்கள் ஆகும், பூஞ்சைக்கு இரண்டு நாள் போதும். ஆகவே போத்தல்களை 121 டிகிரியில், அழுத்தத்தில், கால் மணி நேரமாவது வேகவைக்கிறார்கள். வீட்டிலேயே இதைச் செய்பவர்கள் பிரஷர் குக்கரை வைத்துச் சமாளிப்பதும் உண்டு. காய் வெடிப்பதற்கு முன், பச்சையாக இருக்கும்போதே பறித்து, வெளித்தோலை குளோரோக்சில் ஊறவைத்துக் கழுவி, ஆல்கஹாலில் முக்கித் தீயில் காட்டுகிறார்கள். வெடிக்காத காய்க்குள் கிருமி இருக்காது என்பதால் வெளித்தோல் சுத்தமானால் போதும். பிறகு வடிகட்டிய காற்று ஓயாமல் வீசும் பெட்டிக்குள் வைத்துக் காயைப் பிளந்து விதையைத் தூவுகிறார்கள். 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பார்க்கில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு தூய அறைக்குள் போய்வரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சில்லுக்குப் பதில் விதை, அவ்வளவுதான்.

முளைத்தவுடன் இலையும் வேரும் வந்துவிடாது. முதலில் பச்சையாக ஒரு சிறு உருண்டை வரும். புரோட்டோகார்ம் என்பது அதன் பெயர். அதிலிருந்து இலை, பிறகு வேர். இடையில் இரண்டு மூன்று முறை புதுப் போத்தலுக்கு மாற்ற வேண்டும். ஒன்று, ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு வெளியே எடுத்துத் தொட்டியில் வைக்கலாம். அப்போதுதான் நிறைய செத்துப்போகும், ஏனென்றால் போத்தலுக்குள் ஈரக் காற்றிலேயே வளர்ந்த இலைக்கு வெளிக்காற்றைத் தாங்கத் தெரியாது. சிலிப்பர் ஆர்க்கிட்டாக இருந்தால் முதல் பூவைப் பார்க்க மேலும் மூன்று நான்கு ஆண்டு பொறுத்திருக்க வேண்டும்.

இப்போது அந்தக் குழப்பத்துக்கு வரலாம். திசு வளர்ப்பு என்ற சொல்லைக் கேட்டதும் செம்பனைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்களுக்கு நினைவுக்கு வருவது குளோன் மரம். ஒரு நல்ல மரத்தின் துண்டிலிருந்து அச்சு அசலாக அதே மரத்தை ஆயிரமாக்குவது. ஆர்க்கிட்டிலும் அது உண்டு. 1960-இல் பிரான்சின் ஜார்ஜ் மோரெல் சிம்பிடியம் ஆர்க்கிட்டின் தளிர்நுனியிலிருந்து அப்படி வளர்த்துக் காட்டினார். கடையில் ஒரே நிறம், ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும் ஆர்க்கிட்டுகள் அந்த வழி வந்தவை. விதையைப் போத்தலில் முளைக்க வைப்பது அதுவல்ல. அங்கே ஒவ்வொரு விதையும் தனிப்பிறவி. அண்ணன் தம்பி மாதிரி சாயல் இருக்கும், ஆனால் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. பால்மரத் தோட்டத்தில் பெரியவர்கள் ஒட்டு மரம், விதை மரம் என்று பிரித்துச் சொன்னதும் இதே வேறுபாட்டைத்தான். ஆர்.ஆர்.ஐ.எம். 600 ஒட்டு மரம் எந்தத் தோட்டத்தில் நின்றாலும் அது ஒரே மரம். விதை மரத்தில் ஒன்று மங்கு நிறையக் கொடுக்கும், பக்கத்தில் உள்ளது ஏமாற்றும்.

முதலாளிக்கு ஒட்டு மரம் நல்லது. காட்டுக்கு விதை மரம்தான் நல்லது. இதை விளக்கத் தோட்டங்களின் வரலாறே போதும். 1876-இல் பிரேசிலிலிருந்து விக்கம் கொண்டுபோன 70,000 ரப்பர் விதைகளில் மிகச் சிலவே முளைத்தன. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். மலாயாவின் ரப்பர் காடு பெரும்பாலும் அந்தக் கையளவு கன்றுகளின் வாரிசு. செம்பனை கதை இன்னும் குறுகியது. 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நட்டவை நான்கே கன்றுகள். வேர் இவ்வளவு குறுகலாக இருக்கும்போது ஒரு புது நோய் வந்தால் எல்லா மரத்துக்கும் ஒரே மாதிரி வரும். தென் அமெரிக்க இலைக் கருகல் நோய் மலேசியாவுக்குள் நுழைந்துவிடக்கூடாது என்று ரப்பர் துறை இன்றும் பயப்படுவது அதனால்தான்.

குளோன் செய்வதிலும் தனி ஆபத்து இருக்கிறது. 1970-களில் தொடங்கிய செம்பனைத் திசு வளர்ப்பில், போத்தலிலிருந்து வந்த சில மரங்கள் உருக்கெட்ட பழங்களைக் காய்த்தன. எண்ணெய் இல்லை, பல குலைகள் பிஞ்சிலேயே போயின. நட்டுச் சில ஆண்டுகள் கழித்துப் பூக்கும்போதுதான் குறை தெரியும் என்பதால் நட்டம் பெரிது. மலேசிய செம்பனை வாரியத்தின் மெய்லினா ஓங் அப்துல்லா குழுவினர் 2015-இல்தான் காரணத்தை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். மரபணுவின் ஒரு துண்டின்மேல் இருக்க வேண்டிய வேதியல் பூட்டு போத்தலில் வளரும்போது கழன்றுபோகிறது. அந்தத் துண்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கர்மா'. பொருத்தமான பெயர்தான்.

சிலிப்பர் ஆர்க்கிட்டைப் பொறுத்தவரை இந்த விவாதத்துக்கே இடமில்லை. வளர்ந்த செடியின் துண்டிலிருந்து குளோன் செய்ய அது பிடிவாதமாக மறுக்கிறது. பல பத்தாண்டு முயற்சிக்குப் பிறகும் வணிக அளவில் அது கைகூடவில்லை. விதை ஒன்றே வழி. விதைக்கும் தாய்ச்செடி வேண்டும், தாய்ச்செடி எத்தனை என்பது முக்கியம். வியட்னாமின் டெலனாட்டி என்ற இளஞ்சிவப்பு சிலிப்பர் ஆர்க்கிட் 1913-இல் கண்டெடுக்கப்பட்டு, சில செடிகள் பிரான்சுக்குப் போய், கடைசியில் ஒன்றே ஒன்று பிழைத்தது. அந்த ஒரு செடியின் பூவை அதன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளச் செய்து விதை எடுத்தார்கள். 1990-களில் காட்டில் மறுபடி கண்டுபிடிக்கப்படும்வரை உலகத் தோட்டங்களில் இருந்த டெலனாட்டி அத்தனையும் அந்த ஒரு செடியின் பிள்ளைகள். எண்ணிக்கையில் ஆயிரம், வேரில் ஒன்று. லங்காவி நிவியத்துக்கு இந்த நிலை வரக்கூடாது என்றால், பல பாறைகளில் உள்ள பல செடிகளிலிருந்து, செடியைத் தொடாமல், காயை மட்டும் முறையான அனுமதியோடு எடுக்க வேண்டும்.

தமிழ் நிலத்திலும் இதேபோன்ற ஒரு பூ உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பொதிகை மலையில், அகத்தியர் கூடம் என்று சொல்லப்படும் மலைப்பகுதியின் புல்சரிவுகளில் வளரும் ட்ரூரி சிலிப்பர் ஆர்க்கிட். மஞ்சள் இதழ், நடுவே பழுப்புக் கோடு. தென்னிந்தியாவில் இந்தக் குடும்பத்தில் உள்ளது இது ஒன்றுதான். 1865-இல் கர்னல் ட்ரூரி கண்டெடுத்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் 1972-இல் மறுபடி கிடைத்தது. கிடைத்த செய்தி பரவியதும் சேகரிப்பவர்கள் மலையேறிவிட்டார்கள். மீண்டும் கண்டுபிடித்ததே அதற்கு எமனாகிவிட்டது.

அதே மலையின் மேற்குப் பக்கம், திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் இந்த வகை வேலையில் முன்னோடி. சீனி என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் இப்சியா மலபாரிகா, நீல வண்டா, மஞ்சள் பூப் பூக்கும் வண்டா ஸ்பாதுலாட்டா ஆகியவற்றைப் போத்தலில் பெருக்கி, காட்டில் திரும்ப நட்டு, பிழைத்ததா என்று கண்காணித்து 1999 முதல் 2003 வரை ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டிருக்கிறார்கள். பெருக்கியதைவிட, திரும்ப நட்டதும் போய்ப் பார்த்ததும்தான் இதில் முக்கியம். பெரும்பாலான கூடங்கள் போத்தலோடு நின்றுவிடுகின்றன. கட்டுரை வந்துவிடும், செடி அலமாரியிலேயே இருக்கும்.

பக்கத்திலேயே நல்ல உதாரணம் சிங்கப்பூர். அந்தத் தீவில் இயற்கையாக இருந்த 200-க்கு மேற்பட்ட ஆர்க்கிட் வகைகளில் பெரும்பாலானவை காடு அழிந்ததோடு போய்விட்டன. 1995-இல் தாவரவியல் பூங்கா உள்நாட்டு ஆர்க்கிட்டுகளைக் காக்கும் திட்டத்தைத் தொடங்கி, புலி ஆர்க்கிட் உட்படச் சிலவற்றை விதையிலிருந்து வளர்த்து, சாலையோர மரங்களிலும் பூங்காக்களிலும் கட்டிவிட்டது. புலி ஆர்க்கிட் உலகிலேயே மிகப் பெரிய ஆர்க்கிட், ஒரே புதர் ஒரு டன் எடையைத் தாண்டும். தீபகற்ப மலேசியக் காடுகளிலும் உள்ளதுதான். சிங்கப்பூரில் இன்று பேருந்துக்குக் காத்திருப்பவர் அண்ணாந்து பார்த்தால் தெரிகிற பூவாகிவிட்டது.

மலேசியாவிலும் திறமைக்குப் பஞ்சமில்லை. பினாங்கு யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஸ்ரீரமணன் சுப்ரமணியம் தலைமையில் டென்ட்ரோபியம், பெலெனோப்சிஸ் ஆர்க்கிட்டுகளின் உருண்டைத் திசுக்களைத் திரவ நைட்ரஜனில், கழிவு 196 டிகிரியில் உறையவைத்துப் பாதுகாக்கும் ஆய்வுகள் பல நடந்து அனைத்துலக இதழ்களில் வந்துள்ளன. பாடாங் மேஹாவிலிருந்து பாலத்தைக் கடந்தால் போய்விடும் தூரத்தில் நடந்த வேலை இது. தொழில்நுட்பம் தெரியாது என்று இங்கே யாரும் சொல்ல முடியாது.

தடங்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சட்டத்தில் முதலில். புலியையும் எறும்புத்தின்னியையும் பிடித்தால் தீபகற்பத்தில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். அந்தச் சட்டத்தில் செடிகளுக்கு இடமில்லை. ஆர்க்கிட் 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் கீழ் 'வனப் பொருள்' என்ற பெரிய பைக்குள் மூங்கிலோடும் பிரம்போடும் அடைபட்டுக் கிடக்கிறது. காடும் நிலமும் மாநில அரசின் கையில். எல்லை தாண்டிய விற்பனைக்கு மட்டும் அருகிவரும் உயிரினங்களின் வாணிகம் பற்றிய 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பாஃபியோபெடிலம் வகைச் சிலிப்பர் ஆர்க்கிட்டுகள் முழுவதும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளன. புலி இருக்கும் அதே பட்டியல். காட்டுச் செடியை நாடு விட்டு நாடு கொண்டுபோய் விற்கவே கூடாது.

அதே ஒப்பந்தம் ஒரு சன்னலையும் திறந்து வைத்திருக்கிறது. முறையாக வளர்த்த தாய்ச்செடியின் விதையிலிருந்து, கிருமியற்ற போத்தலுக்குள் இருக்கும் கன்றுகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வளர்ப்பவனுக்கு ஊக்கம், பிடுங்குபவனுக்குத் தடை என்பது கணக்கு. நீல வண்டாவில் இந்தக் கணக்கு ஓரளவு பலித்தது. வளர்ப்புச் செடிகள் சந்தையை நிறைத்ததால் 2004-இல் அதை முதல் பட்டியலிலிருந்து இரண்டாம் பட்டியலுக்கு மாற்றினார்கள். வியட்னாமிய சிலிப்பர் ஆர்க்கிட்டில் பலிக்கவில்லை. 1999-இல் அறிவியல் பெயர் சூட்டப்பட்டது, சில ஆண்டுகளுக்குள் காட்டில் இருந்த அத்தனையும் பிடுங்கப்பட்டுவிட்டது. இன்று போத்தலில் வளர்ந்த அதன் வாரிசுகள் பல நாடுகளில் விற்பனைக்குக் கிடைக்கின்றன, சொந்தக் காட்டில் அதைத் தேட வேண்டியிருக்கிறது. போத்தல் கன்று வளர்ந்து வர ஐந்து ஆண்டு, காட்டுச் செடியைப் பிடுங்க ஐந்து நிமிடம். மலிவானது எது என்று வியாபாரிக்குத் தெரியும்.

கெடா மக்களுக்கு இது நேரடியாகப் படும் இடம் எல்லைச் சந்தை. ஹட்யாய்க்கும் பாடாங் பெசாருக்கும் போய்வருபவர்கள் திரும்பும்போது ஒரு செடியைப் பையில் போட்டுக்கொள்வது சகஜம். செடி எதுவானாலும் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் புக்கிட் காயு ஹீத்தாமில் கொண்டுவந்தால் எல்லை அதிகாரிகள் பறிமுதல் செய்யலாம். சிலிப்பர் ஆர்க்கிட்டாக இருந்தால் வழக்கு இன்னும் கனமாகும். காட்டுச் செடியை அடையாளம் காண்பது பெரிய வித்தையல்ல. இலையில் பூச்சி கடித்த பழைய தழும்பு, வேரில் அறுத்த காயம், அடியில் ஒட்டிய பாசி, ஒன்றுக்கொன்று அளவு ஒவ்வாத கட்டு இருந்தால் அது காட்டிலிருந்து வந்தது. வளர்ப்புச் செடிகள் ஒரே வயது, ஒரே அளவு, தழும்பில்லாத இலையோடு இருக்கும். சாலையோரத்தில் வேரோடு கட்டுக்கட்டாக மலிவாகக் கிடைப்பதை வாங்கி வீட்டில் வைத்தால் பெரும்பாலும் சில மாதத்தில் செத்துவிடும். காசும் போகும், மலையில் இருந்ததும் போகும்.

இன்னொரு தடங்கல், மலை. நிவியத்துக்குச் சுண்ணாம்புப் பாறை வேண்டும், கடல் பக்கம் வேண்டும், அதன் விதைக்கு உரிய பூஞ்சை வேண்டும், பூவைத் தேடிவர ஈ வேண்டும். சிலிப்பர் ஆர்க்கிட்டில் தேன் கிடையாது. கினபாலு மலையின் ரோத்ஸ்சில்டியானம் வகையில், பூவில் இருக்கும் மயிர்களையும் புள்ளிகளையும் செடிப்பேன் கூட்டம் என்று நம்பி ஒரு வகை ஈ முட்டையிட வந்து, பைக்குள் விழுந்து, வெளியேறும் வழியில் மகரந்தத்தைச் சுமந்து போகிறது. ஏமாறுவதற்கு அந்த ஈ இல்லாத இடத்தில் ஆயிரம் கன்று நட்டாலும் அடுத்த தலைமுறை வராது. இந்த ஈயையும் பூஞ்சையையும் எந்தப் போத்தலும் தராது. சுண்ணாம்புக் குன்றுக்கோ சிமெண்டு விலை உண்டு. பாலிங்கிலிருந்து பெர்லிஸ் வரையிலும் லங்காவியிலும் உள்ள இந்தக் குன்றுகளை வெறும் கல்லாகப் பார்க்கும் கணக்கே இதுவரை பெரிதாக இருந்து வந்திருக்கிறது. லங்காவி 2007-இல் யுனெஸ்கோ ஜியோபார்க் ஆனது கொஞ்சம் ஆறுதல், கிலிம் பகுதிப் பாறைகளுக்குச் சுற்றுலா வருமானம் ஒரு காவல். ஆனால் பெயர்ப்பலகை இல்லாத சிறு குன்றுகளுக்கு அந்தக் காவல் இல்லை. கன்று வளர்ப்பதற்கு ஒதுக்கும் பணத்தோடு, அது திரும்பிப் போகும் பாறைக்கு அரசிதழில் ஒரு வரி எழுதப்படாவிட்டால், ஆய்வுக்கூடம் வெறும் அனாதை இல்லமாகிவிடும்.

பொறுமை எவ்வளவு வேண்டும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அங்குள்ள மஞ்சள் சிலிப்பர் ஆர்க்கிட் பறித்துப் பறித்தே காட்டில் ஒரே ஒரு செடியாகிவிட்டது. யார்க்‌ஷரில் அதற்கு ஆள் போட்டுக் காவல் காத்தார்கள். 1983-இல் கியூ தாவரவியல் பூங்கா விதை வளர்ப்பில் இறங்கியது. 1989-இல் கன்றுகள் காட்டுக்குப் போயின. முதல் பூ பூத்தது 2000-இல். பதினேழு ஆண்டு. ஐந்தாண்டுத் திட்டம், மூன்றாண்டு ஆய்வு நிதி என்று ஓடும் மலேசியக் கணக்குக்குள் இது அடங்காது. மாநில அரசு மாறும்போதெல்லாம் திட்டத்தின் பெயரும் மாறும் இடத்தில் பதினேழு ஆண்டு ஒரு செடிக்குக் காவல் இருப்பது யார் என்பதே கேள்வி.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத பகுதியும் ஒன்று இருக்கிறது. அஸ்தி அமைப்பு நடத்தும் அறிவியல் விழா வழியாகத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஆய்வுக்குப் பழகியவர்கள். பூஞ்சை புகாமல் விதை முளைக்க வைப்பது அவர்களுக்கு எட்டாத வேலையல்ல. எடுத்தவுடன் அருகிய செடியில் கை வைக்கக்கூடாது, அது சட்டப்படியும் தவறு, செடிக்கும் கேடு. வீட்டு வேலியில் நிற்கும் ஆர்க்கிட்டிலோ பள்ளி வளாகத்து மரத்தில் உள்ள புறா ஆர்க்கிட்டிலோ காய்த்த காய் போதும். பிரஷர் குக்கர், அகார்-அகார், இளநீர், வாழைப்பழம், மூடி இறுக்கமான கண்ணாடிப் போத்தல்கள், விதைக்க ஒரு மூடிய கண்ணாடிப் பெட்டி. இரண்டு மூன்று மாதத்தில் பச்சை உருண்டை தெரியும். அந்தக் கை பழகிய பிள்ளைகள் பிற்பாடு யு.எஸ்.எம்.முக்கோ யு.பி.எம்.முக்கோ போகும்போது, லங்காவிக் காய் யாருடைய கைக்கு வரும் என்ற கேள்விக்கு ஒரு பதில் இருக்கும். ஆரம்பத்தில் பாதிப் போத்தல்களுக்கு மேல் பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போகும். மூடியைத் திறக்காமல் அப்படியே மறுபடி வேகவைத்து, கழுவிக் கவிழ்த்து, அடுத்த காய்க்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.